பூட்டிக் கிடக்கும் மலைவீடு: கொடைக்கானல் பக்கம் வீட்டைத் திருடரிடமிருந்து காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சமவெளி வீட்டுக்குச் சொல்லும் பாதுகாப்பு யோசனைகளை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பாதிதான் உதவும். வாசல் கேட், வாசற்கதவு, வாசலைப் பார்த்து ஒரு கேமரா என்று பணம் முழுவதும் முன்பக்கமே போய்விடும். கொடைக்கானல், வில்பட்டி, பெருமாள்மலை, தாண்டிக்குடி பக்கம் சரிவில் கட்டிய வீட்டுக்கு முன்பக்கம்தான் உள்ளே நுழையக் கடினமான இடம். கூரை கைக்கெட்டுவதும், ஆள் நின்றால் யாருக்கும் தெரியாததும் பின்பக்கம். இதோடு மூடுபனி, அடிக்கடி போகும் கரண்ட், சீசன் முடிந்ததும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்தால் திருடனுக்கு நேரம் தாராளம்.

ஆகவே செலவை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்: பின்கதவு, கூரை, ஜன்னல், அப்புறம் வெளிச்சமும் அலாரமும், கடைசியில் கேமரா. கடைக்குப் போனால் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

மேட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நாள் சாயங்காலம், வெளிச்சம் மங்கும் நேரத்தில் வீட்டை முழுவதும் பூட்டிவிட்டு வெளியே வாருங்கள். அளவு டேப், சாக்பீஸ், நடுத்தர ஸ்க்ரூடிரைவர் மூன்றும் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு மேலே போகும் பாதைக்கோ தோட்டத்து வரப்புக்கோ ஏறி, அங்கிருந்து வீட்டை நோக்கி இறங்குங்கள்.

மலையை வெட்டிச் சமன்செய்த மனையில் பின்சுவருக்கும் மண் சரியாமல் கட்டிய தடுப்புச் சுவருக்கும் இடையே பல இடங்களில் 3, 4 அடிதான் இருக்கும். தடுப்புச் சுவரின் தலை கூரை விளிம்புக்குச் சமமாக இருந்தால் ஏணியே வேண்டாம், ஒரே எட்டில் கூரைமேல் நிற்கலாம். இந்த இடைவெளியை முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் உங்கள் வீட்டுக் கூரையை இன்னொரு வாசலாகவே கணக்கில் வையுங்கள்.

சுவரோரம் படிக்கட்டாகக் கூடியவற்றையும் பாருங்கள். குளிருக்கு அடுக்கிய விறகு, கேஸ் சிலிண்டர் கூண்டு, தண்ணீர் டேங்க் மேடை, கோழிக்கூண்டு, பெயின்டர் விட்டுப்போன மூங்கில் ஏணி. விறகைச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி அடுக்குங்கள். ஏணியை உள்ளே எடுத்து வையுங்கள், அல்லது சங்கிலி போட்டுப் படுக்கவைத்துப் பூட்டுங்கள்.

நீளம், அகலம் இரண்டும் 15 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள ஒவ்வொரு திறப்புக்கும் சாக்பீஸால் ஓர் எண் போடுங்கள். குளியலறை வென்டிலேட்டர், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு விட்ட சந்து, வீட்டுக்கு அடியிலுள்ள சாமான் அறைக் கதவு, எதையும் விட வேண்டாம். பெரியவர் நுழைய முடியாத துளையில் ஒரு சிறுவனை இறக்கி உள்ளிருந்து கதவைத் திறக்கவைப்பது பழைய உத்தி.

கதவு: பூட்டுக்கு முன்னால் மரத்தைப் பாருங்கள்

கதவை உடைப்பவர்கள் அநேகமாகப் பூட்டை உடைப்பதில்லை. கடப்பாரை நுனியைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விட்டு நெம்புவார்கள். பிளப்பது நிலைமரம், அல்லது பூட்டின் நாக்கு நுழையும் தகடு. அந்தத் தகட்டை ஒரு ஸ்க்ரூ கழற்றிப் பாருங்கள். 20 மி.மீ. நீளத்தில் இரண்டு ஸ்க்ரூதான் பல வீடுகளில் இருக்கும். இரண்டு எத்தில் அது பெயர்ந்துவிடும்.

மலையில் இதைக் கெடுப்பது ஈரம். கொடைக்கானலுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது மரம் உப்பிக் கதவு இறுகும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு விளிம்பை இழைக்கச் சொல்வோம், அல்லது நாக்கு உட்கார மறுக்கிறதென்று நிலையில் உள்ள துளையை அரத்தால் பெரிதாக்குவோம். பிப்ரவரி, மார்ச்சில் மரம் காய்ந்து சுருங்கியதும் கதவோரத்தில் 6, 7 மி.மீ. சந்து நிற்கும், நாக்கு பாதி மட்டுமே பிடித்திருக்கும். கடப்பாரைக்கு அந்தச் சந்து போதும்.

செய்ய வேண்டியது இது:

கதவை இழைப்பதானால் மழை விட்டு ஒரு மாதம் கழித்து இழையுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. சந்து மட்டும் விடுங்கள். அதற்குமேல் இருந்தால் விளிம்பில் மரப்பட்டி ஒட்டி நிரப்புங்கள். பிறகு கதவைக் கழற்றி அதன் தலைப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். மரம் ஈரத்தை அதிகம் இழுப்பது அந்த இரண்டு வெட்டு முனைகளில்தான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெயின்டர்கள் விட்டுவிடுவார்கள்.

நாக்கு நுழையும் தகட்டை 3 மி.மீ. கனத்துக்கு மாற்றி, 75 மி.மீ. ஸ்க்ரூ நான்கு போடுங்கள். அந்த நீளம் நிலையைத் தாண்டிச் சுவருக்குள் போய்ப் பிடிக்கும். பழைய கருங்கல் வீடுகளில் மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர் உண்டு. அங்கே ஸ்க்ரூ வெறும் மண்ணில்தான் நுழையும். அப்படிப்பட்ட இடத்தில் நிலையின் உட்புறத்தில் 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையைப் பூட்டுக்கு மேலும் கீழும் ஒன்றரை அடி நீளும்படி வைத்து, நிலையை ஊடுருவும் போல்ட்டால் இறுக்குங்கள். நிலையே ஆடுகிறதென்றால் அதைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்பு துருப்பிடித்துப் போயிருக்கும். கொத்தனாரை வைத்துப் புதுக் கிளாம்பு பதித்து சிமென்ட் கான்கிரீட் போட்ட பிறகே மற்ற வேலை.

வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளுக்குக் கீல் வெளியே தெரியும். சமையலறைப் பின்கதவுகள் பலவும் இப்படித்தான். கீலின் ஆணியைத் தட்டி எடுத்தால் பூட்டு பூட்டியபடியே இருக்கக் கதவு கழன்று வரும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. கதவுப் பக்கக் கீல் இலையில் ஒரு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, அங்கே தலையில்லாத கனத்த ஸ்க்ரூவை 12 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி முறுக்குங்கள். நேரெதிரே நிலைப்பக்க இலையில் உள்ள ஸ்க்ரூவையும் எடுத்து அந்தத் துளையை ஆழப்படுத்துங்கள். கதவு மூடும்போது முனை துளைக்குள் போய் உட்காரும், ஆணியைத் தட்டினாலும் கதவு நகராது. ஒவ்வொரு கீலிலும் செய்யுங்கள்.

இரட்டைக் கதவில் பலவீனம், எப்போதும் மூடியிருக்கும் பக்கம். அதன் மேல், கீழ்த் தாழ்ப்பாள் நிலையில் அரை அங்குலம்தான் நுழைந்திருக்கும். தோளால் இடித்தால் இரண்டு பலகையும் சேர்ந்தே திறக்கும். 12 மி.மீ. கம்பியுள்ள தாழ்ப்பாள் போட்டு, நிலைக்குள் 40 மி.மீ. ஆழம் இறங்கும்படி துளையிடுங்கள். கீழே தரையில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டைப் பதியுங்கள். துளைக்குள் மண் சேர்ந்து தாழ்ப்பாள் அரைகுறையாக நிற்கும், மாதம் ஒருமுறை குத்தி எடுங்கள்.

வெளியேறும் ஒரு கதவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உட்பக்கம் குறுக்குச் சட்டம் போடுங்கள். பாட்டி காலத்துக் குறுக்குக் கட்டைக்கு இன்றுவரை இணையில்லை. 40×40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், இரு பக்கமும் சுவரில் போல்ட் செய்த கொக்கி. உள்ளே ஆளில்லாத வீட்டில் அதை வெளியிலிருந்து எடுக்க வழியே கிடையாது.

பூட்டு

மலையடிவாரத்தில் திண்டுக்கல் இருக்கப் பூட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையால் செய்த மாங்காய்ப் பூட்டை மாற்றுச்சாவி போட்டுத் திறப்பது எளிதல்ல. ஆனால் எந்தத் தொங்கு பூட்டுக்கும் இரண்டு குறை உண்டு. ஒன்று, அது மாட்டியிருக்கும் கொண்டியும் நாதாங்கியும் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் பூட்டின் பலம். இரண்டாவது, வெளியே தொங்கும் பூட்டு ‘வீட்டில் யாருமில்லை’ என்று தெருவுக்கே அறிவிக்கிறது. எனவே வாசற்கதவுக்குக் கதவுக்குள் பதித்த பூட்டு போடுங்கள், தொங்கு பூட்டை கேட்டுக்கும் விறகு அறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிக்கும் பூட்டில் பார்க்க வேண்டியவை: நாக்கு 20 முதல் 25 மி.மீ. வரை வெளியே வர வேண்டும். கதவுச் சட்டம் 35 மி.மீ. கனமாவது வேண்டும், அதற்கு மெல்லிய கதவில் பூட்டுக்காகக் குடைந்தால் மிஞ்சும் மரம் ஓர் உதையில் பிளக்கும். அங்கே உட்பக்கம் மேலோடு திருகும் பூட்டு நல்லது. சாவி நுழையும் பகுதி தனி உருளையாக இருக்கும் சிலிண்டர் வகையானால் அதன் முகம் தகட்டுக்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது. நீண்டிருந்தால் பிளையர் போட்டுப் பிடித்து இரண்டாக முறித்துவிடலாம். கதவின் கனத்தை அளந்துகொண்டு போய்ச் சிலிண்டர் வாங்காததுதான் இந்தக் குறைக்குக் காரணம்.

தொங்கு பூட்டு போடும் இடத்தில் கொண்டியை ஸ்க்ரூவால் திருகாதீர்கள். கதவை ஊடுருவும் 8 மி.மீ. போல்ட்டின் வழுக்கைத் தலை (ஸ்பேனர் பிடிக்காத உருண்டைத் தலை) வெளியே, நட்டும் அகன்ற வாஷரும் உள்ளே. பூட்டின் வளையம் 10 மி.மீ. கனமாவது இருந்து, வெளியே கொஞ்சமாகத் தெரியட்டும். பனி ஈரத்தில் பூட்டு உள்ளே துருப்பிடித்துச் சாவி முறியும். தேங்காயெண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள், குளிரில் அது உறைந்து பிசினாகும். கிராஃபைட் தூள் போதும்.

வாடகைக்கோ ஹோம்ஸ்டேயாகவோ விட்ட வீட்டில் ஆள் மாறினால் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். பூச்சட்டி, மீட்டர் பெட்டி, நிலையின் மேற்கட்டை ஆகியவை சாவி வைக்கும் இடங்கள் அல்ல.

ஜன்னலும் கண்ணாடி வராண்டாவும்

பழைய பங்களா ஜன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருப்பது வெளிப்பக்கம் பூசிய மக்கு (புட்டி). வெயிலும் பனியும் மாறிமாறிப் பட்டு அது வெடித்துப் போயிருக்கும். கத்தியால் சுரண்டிக் கண்ணாடியைச் சத்தமில்லாமல் எடுத்து, கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கிவிடலாம். மக்கை எடுத்துவிட்டு உட்பக்கத்திலிருந்து மரப் பீடிங் வைத்து ஸ்க்ரூ செய்யுங்கள்.

கிரில் போடும்போது கம்பி 12 மி.மீ. சதுரம், இடைவெளி 100 மி.மீ., ஒவ்வோர் ஒன்றரை அடிக்கும் ஒரு குறுக்குப் பட்டை. குறுக்குப் பட்டையில்லாத நீளக் கம்பிகளுக்கு நடுவே கார் ஜாக்கியை வைத்து விரித்தால் ஆள் நுழையும் அளவு வளையும். கிரில்லின் காலைச் சுவருக்குள் 75 மி.மீ. பதியுங்கள். மரச் சட்டத்தில்தான் பொருத்த முடியுமென்றால் கொண்டிக்குச் சொன்ன அதே வழுக்கைத் தலை போல்ட். வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்ட கிரில்லால் பயனில்லை. கிரில் முதலில் துருப்பிடிப்பது தண்ணீர் தேங்கும் கீழ்ச்சட்டத்தில். பெயின்டுக்கு அடியில் இரும்பு செதில் செதிலாகப் போயிருக்கும், மேலே பளபளவென்று தெரியும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அந்தப் பகுதியை வெட்டி வெல்டிங் செய்யுங்கள்.

படுக்கையறை ஒன்றிலாவது கிரில் உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் அதுதான் வழி. அதன் சாவியை ஜன்னலிலிருந்து கைக்கு எட்டாத, உங்களுக்கு இருட்டிலும் எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள். வென்டிலேட்டரைத் திருட்டுப் பயத்தில் பலகை அடித்து அடைப்பவர்கள் உண்டு. அதே அறையில் கரி அடுப்போ கணப்போ வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அடைக்காமல் கம்பி போடுங்கள்.

கண்ணாடி வராண்டாவைக் கோட்டையாக்க முயல வேண்டாம், அவ்வளவு கண்ணாடிக்கும் கிரில் போட்டால் வெயில் காயும் சுகமே போய்விடும். வராண்டாவை வெளியிடமாகவே நினைத்து, அதிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவுக்கு வாசற்கதவின் பலத்தைக் கொடுங்கள்.

தள்ளும் கண்ணாடி ஜன்னலை மேலே தூக்கினால் தடத்திலிருந்து கழன்றுவிடும். மேல் தடத்தில் ஒரு சிறு தடுப்புக் கட்டை, கீழ்த் தடத்தில் அளவாக வெட்டிய கம்பி போட்டால் போதும். கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய குளியலறை ஜன்னலில் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம், உட்பக்கம் கம்பி கட்டாயம்.

கூரை

பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம். ஷீட் கூரையை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் நட்டு மேலே, வெளிப்பக்கம் இருக்கிறது. 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 நம்பர் ஸ்பேனர். புதிய கலர் ஷீட்டுகளின் ஸ்க்ரூவும் அப்படியே, சாக்கெட் ஒன்று இருந்தால் ஒரு ஷீட்டின் எல்லா ஸ்க்ரூவையும் ஐந்து நிமிடத்தில் கழற்றலாம். ஓட்டுக் கூரையில் அதுவும் வேண்டாம், ஓட்டைக் கையால் நகர்த்தினாலே வழி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மிதித்தாலே உடையும். அதை நீங்களே அறுக்கவோ துளையிடவோ போகாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கூரையை வெளியிலிருந்து பலப்படுத்துவதைவிட, உள்ளே வந்தவன் அறைக்குள் இறங்க முடியாமல் செய்வது மலிவு. 50×50 மி.மீ. கண்ணுள்ள 10 கேஜ் வெல்டு மெஷ்ஷை, கூரைச் சட்டத்துக்கு அடியில், சீலிங்குக்கு மேலே விரித்துக் கட்டுங்கள். மரச் சட்டமானால் 50 மி.மீ. ஸ்க்ரூவும் அகன்ற வாஷரும் அடிக்கு ஒன்று, இரும்பானால் வெல்டிங். மெஷ் தாள்கள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று 6 அங்குலம் ஏற வேண்டும். வீடு முழுவதும் முடியாவிட்டால் பீரோ இருக்கும் அறைக்கும் தடுப்புச் சுவர் பக்கத்து அறைக்குமாவது போடுங்கள்.

பரணுக்கு ஏறும் மூடிப்பலகைக்குக் கீழ்ப்பக்கத்தில் இரண்டு தாழ்ப்பாள் போடுவது அரைமணி நேர வேலை. கூரை வழியாக வந்தவன் பரணிலேயே நிற்பான்.

தடுப்புச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள சந்தின் இரு முனைகளிலும் 7 அடி கம்பிக் கதவு போட்டுப் பூட்டுங்கள். மழைநீர் வாய்க்கால் அடியில் போவதால் கதவின் கீழே 4 அங்குலம் விடுங்கள். அடைத்தால் நவம்பர் மழையில் தண்ணீர் சுவருக்கு ஏறும்.

வேலியும் மரமும்

உயர்ந்த சைப்ரஸ் வேலி அழகுதான். ஆனால் அதைத் தாண்டி உள்ளே வந்தவனையும் அது ஊர்க்கண்ணிலிருந்து மறைக்கிறது. பாதையோர வேலியை 3, 4 அடிக்கு வெட்டி வையுங்கள், உள்ளே நடப்பவர் தெரிய வேண்டும். ஜன்னலுக்குக் கீழே கொடி ரோஜா, ரயில் கற்றாழை மாதிரி முள்ளுள்ளவை நல்லது. உண்ணிச்செடியை மட்டும் வளர விடாதீர்கள், அது காட்டையே விழுங்கும் களை.

கூரைமேல் சாய்ந்த கிளையைக் கழிக்கலாம். மரத்தையே வெட்டுவதென்றால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்ட்டை நேராகக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். காட்டுமாடும் பன்றியும் மட்டுமல்ல, பால்காரரும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சாவார்கள், வீட்டுக்காரர் சிறைக்குப் போவார். விட்டுவிட்டுத் துடிக்கும் சோலார் வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் பதிவு விதிகள் உள்ளன, வனத்துறையைக் கேட்ட பிறகு போடுங்கள்.

நாய் நல்ல காவல். ஆனால் சிறுத்தை நடமாடும் பக்கத்தில் இரவு வெளியே கட்டிப்போடாதீர்கள், வீட்டுக்குள் படுக்கட்டும். உள்ளிருந்து குரைத்தாலும் வேலை நடக்கும்.

வெளிச்சம்

பனியில் வெள்ளை ஃப்ளட் லைட் போட்டால் முன்னால் ஒரு வெள்ளைத் திரைதான் எழும். 10 முதல் 20 வாட் வரையிலான மஞ்சள் சாயல் எல்இடியை 8, 9 அடி உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்த்து, ஆள் வந்தால் எரியும் சென்சாரோடு போடுங்கள். பின்சந்துக்கு ஒன்று, சமையலறைக் கதவுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று. இரவில் அது எரிந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடாதீர்கள். வந்திருப்பது காட்டுமாடாக இருந்தால் திருடனைவிட ஆபத்து. ஜன்னல் வழியே பாருங்கள்.

ஊரில் இல்லாதபோது ஒரே பல்பை இரவும் பகலும் எரியவிடுவது ஏமாற்று வேலையாகாது. நண்பகலில் எரியும் வராண்டா பல்பு வீடு காலி என்பதைத்தான் சொல்கிறது. டைமர் வாங்குங்கள், உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையாகப் பார்த்து. சக்கரம் சுற்றும் டைமர் கரண்ட் போகும்போதெல்லாம் நின்றுவிடும். பத்து நாளில் மாலை 6 மணிக்கு எரிய வேண்டியது நள்ளிரவில் எரியும்.

அலாரம், கேமரா

கதவு திறந்தால் அலறும் காந்தச் சென்சார்கள், ஒரு சைரன், 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, செல்போனுக்கு அழைக்கும் பெட்டி. இது கேமராவைவிட முன்னால் வர வேண்டிய செலவு. 1 மீட்டரில் 110 டெசிபல் சைரன், தடையில்லாவிட்டால் 100 மீட்டரில் ஏறத்தாழ 70 டெசிபல் கேட்கும். நடுவே ஒரு மேடு இருந்தால் அதுவும் கேட்காது. எனவே சைரனைப் பக்கத்து வீட்டுத் திசை பார்த்து வையுங்கள், கைக்கெட்டாத உயரத்தில். இன்னொன்று வீட்டுக்குள். அழைக்கும் பெட்டி வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம் கார்டு.

இருமுனைக் கதிர் சென்சார்களை வெளியே போடாதீர்கள், பனி வந்தால் கதிர் மறைந்து அலறும். உடல் வெப்பம் அறியும் சென்சாரை வெளியே வைத்தால் குரங்குக்கும் அலறும். பத்து முறை பொய்யாக அலறினால் பதினொன்றாம் முறை யாரும் வரமாட்டார்கள். அதை அறைக்குள் வையுங்கள்.

கேமராவில் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இரவில் அதைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் விளக்கு பனித்துளியில் பட்டு லென்சுக்கே திரும்பி, படம் முழுவதும் வெண்மையாகிவிடும். கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, தனி இன்ஃப்ராரெட் விளக்கை ஒரு மீட்டராவது தள்ளிப் பக்கவாட்டிலிருந்து வீசவிடுங்கள். அடர்ந்த பனியில் எதுவும் தெரியாது. அதனால் தூரக் காட்சிக்கு ஆசைப்படாமல், கதவிலிருந்து 3, 4 மீட்டருக்குள் முகம் தெரியும்படி வையுங்கள். கும்பா வடிவக் கேமராவின் மூடியில் ஈரம் கோக்கும், குழாய் வடிவம் மேல். ஒயர் சுவருக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அங்கே சொட்டிவிடும். லென்சுக்கு முன் சிலந்தி வலை கட்டும், மாதம் ஒருமுறை துடையுங்கள்.

மின்சாரக் கணக்கு: நான்கு கேமரா 20 வாட், பதிவுப் பெட்டி 15, ரவுட்டர் 10, மொத்தம் 45 வாட். 150 ஏ.எச். பேட்டரியுள்ள இன்வெர்ட்டர் இழப்புகள் போக ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். குளிரில் பேட்டரி கொஞ்சம் குறைவாகவே தரும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறந்துவிடாதீர்கள், ஒரு நாளைக்கு மேல் கேமராவை நம்ப வேண்டாம். மீட்டர் வெளியே இருப்பதால் திருடனே மெயினை அணைக்கவும் முடியும்.

1080பி படத்தை 1 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 ஜிபி. நான்குக்கு 1 டிபி டிஸ்க் மூன்று வாரம் வரும். மாதம் ஒருமுறை மட்டும் வருபவருக்கு அது போதாது, 2 டிபி போடுங்கள். பதிவுப் பெட்டி டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் திருடன் அதையும் தூக்கிப்போவான். காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டியில் பூட்டிப் பரணில் வையுங்கள். அதன் கடிகாரம் சரியாக இருக்கிறதா பாருங்கள், நேரம் தவறிய படத்தை வழக்கில் குடைந்தெடுப்பார்கள்.

பூட்டிவிட்டுப் போகும்போது

ஒரு வாரம் முன்பே: பேப்பரையும் பாலையும் நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளூர் காவல் நிலையத்தில் புறப்படும் நாள், திரும்பும் நாள், சாவி வைத்திருப்பவர் பெயர், எண் ஆகியவற்றை எழுதிக்கொடுங்கள். ரோந்து வரும்போது பார்ப்பார்கள். காவல் உதவி செயலியைப் போனில் போட்டு வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர், குடியிருப்பவர், வேலைக்காரர் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ‘அப்பப்போ பார்த்துக்குங்கண்ணே’ என்று சொல்வது வேலையாகாது. வாரம் மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில், பின்சந்து வரை சுற்றி வந்து ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்று பேசி, அதற்குக் கூலியும் பேசுங்கள். கேட்டருகே விழுந்த இலையைக் கூட்டுவதும் புல்லை வெட்டுவதும் அதில் சேரட்டும். கூட்டாத வாசல்தான் பூட்டிய வீட்டை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

கிளம்பும் நாளில் கேஸ், தண்ணீர் வால்வுகளை மூடுங்கள். மெயினை முழுவதும் அணைக்காதீர்கள், அலாரத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் உள்ள இணைப்பு மட்டும் ஓடட்டும். திரைகளைப் பாதி மூடுங்கள், முழுவதும் மூடினாலும் முழுவதும் திறந்தாலும் தப்பு. நகை, பத்திரம் எதுவும் வேண்டாம், வங்கி லாக்கருக்குப் போகட்டும். பீரோவைப் பூட்டிச் சாவியை அதே அறை அலமாரியில் வைப்பது வழக்கம். காலியான பீரோவைத் திறந்தே வைத்தால் உடைக்கிற செலவாவது மிஞ்சும். டிவி, லேப்டாப், போன் ஆகியவற்றின் சீரியல் எண், ஐஎம்இஐ எண், நகைகளின் போட்டோ எல்லாம் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.

காப்பீடு இருந்தால், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குத் திருட்டு இழப்பு கிடையாது என்ற நிபந்தனை பாலிசியில் உண்டா பாருங்கள். மலைவீட்டுக்காரர்கள் பலர் அங்கேதான் மாட்டுவார்கள்.

திருட்டு நடந்துவிட்டால்

வந்து பார்க்கும்போது கதவு திறந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். பாதைக்குத் திரும்பி வந்து 100 அல்லது 112க்கு அழையுங்கள். இரவில் நீங்கள் உள்ளே இருக்கும்போது யாராவது நுழைந்தால் ஓர் அறையில் எல்லோரும் சேர்ந்து உள்ளே தாழிட்டு, விளக்கைப் போட்டுச் சத்தம் போடுங்கள். அவன் போகும் வழியை மறிக்காதீர்கள்.

போலீஸ் வரும்வரை கதவுக் கைப்பிடி, பீரோ, உடைந்த கண்ணாடி எதையும் தொட வேண்டாம். ஈர மண்ணில் கால்தடம் இருக்கும், அதன்மேல் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடுங்கள். காணாமல் போனவற்றின் பட்டியலை அன்றே எழுதுங்கள், பிறகு நினைவுக்கு வருவதைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்லுங்கள். வீட்டுக்குள் திருட்டு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305, வீடு உடைத்தல் 331ஆம் பிரிவுகளில் வரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173ஆம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகக் கொடுத்தால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். கேமராப் பதிவைக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் கேட்பார்கள். டிஸ்க்கை நீங்களே கழற்றி ஆராயாமல், மேலே புதுப் பதிவு ஏறிவிடாதபடி பெட்டியை நிறுத்தி அப்படியே ஒப்படையுங்கள். திருட்டுப்போன செல்போனை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சிஇஐஆர் இணையதளத்தில் முடக்கிவிடுங்கள்.

போலீஸ் வேலை முடிந்ததும், அன்று இரவுக்குள் உடைந்த இடத்தை அடையுங்கள். ஆசாரி மறுநாள்தான் வருவாரென்றால் 12 மி.மீ. பிளைவுட்டை உட்பக்கமிருந்து போல்ட் செய்தாலும் போதும். சாவிக்கொத்து ஏதும் காணாமல் போயிருந்தால் எல்லாச் சிலிண்டரையும் மாற்றுங்கள், கேட் பூட்டு உள்பட. வந்துபோனவனுக்கு வீட்டின் வழி இப்போது தெரியும், விட்டுப்போன டிவி எந்தச் சுவரில் இருக்கிறதென்பதும் தெரியும்.